இரண்டாம் கிணற்றின் பூட்டு

ஒரு கெட்ட நாற்றம் திடீரென்று நின்றுபோனால் உங்களுக்குப் பயம் வருமா?

வராது. அப்பாடா என்று மூச்சு விடுவீர்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன மின்நிலையத்தில். கரி கிடையாது, அணை கிடையாது. பூமிக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு இரண்டு துளை போட்டிருக்கிறார்கள். அதைக் கிணறு என்போம். கொதிநீரும் நீராவியும் அதிலிருந்து தானாகப் பீறிக்கொண்டு வரும். ஆவியைப் பிரித்து டர்பைனுக்கு அனுப்பினால் மின்சாரம். மிச்சத் தண்ணீர் மறுபடியும் பூமிக்குள் போய்விடும். ஆனால் அந்த ஆவியோடு ஒரு வாயுவும் வரும். அழுகிய முட்டை நாற்றம். சட்டை, தலையணை, சாப்பாட்டு டப்பா, எதையும் விடாது. கல்யாணமான புதிதில் என் மனைவி, "உங்களத் துவைச்சுக் காயப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள விடணும்" என்பாள்.

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றம் சுத்தமாக நின்றுபோகும். அதற்கப்புறம் இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அவ்வளவுதான் ஆயுள்.

"நாறுற வரைக்கும் நாம நல்லா இருக்கோம். நாத்தம் நின்னுச்சுன்னா திரும்பிப் பாக்காம ஓடு." வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எனக்கு இதைச் சொன்னவர் இதோ அண்ணன்.

அது அவர் பெயரல்ல. அவர் எங்கள் ஃபிட்டர். எங்கே இருந்தாலும், எதற்குக் கூப்பிட்டாலும், "இதோ வந்துட்டேன்" என்பார். அரைமணி நேரம் கழித்து வருவார். அதனால் அந்தப் பெயர். எங்கள் ஷிஃப்ட் இன்ஜினியர் மேடம்கூடக் கிண்டல் செய்வார்: "எமனே வந்து கூப்பிட்டாலும் இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டு அரைமணி நேரம் உக்கார வெச்சிடுவாரு."

நானும் என் மனைவியும் இந்த மலை ஊருக்கு வந்தபோது தெருநாய்கூட எங்களுக்குத் தெரிந்த நாயாக இல்லை. எங்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். கொட்டுகிற மழையில் தன் வீட்டுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "தரையில படுத்தா சளி புடிக்கும். எங்க வீட்டுக்காரி நர்ஸு. அவகிட்ட ஊசி போட்டுக்கறதுக்கு இந்தக் கட்டில் எவ்வளவோ பரவால்ல" என்று சிரித்தார். அந்த நர்ஸை நான் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தேன். இங்கே எங்களுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

இப்போது பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிணற்றின் வாயைச் சுற்றி இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு சிமென்ட் குழி இருக்கும். குழாய் மூட்டுகள் எல்லாம் அதற்குள்தான். மூட்டைக் கழற்றியிருக்கும்போது ஆவி வந்தால் ஆள் வெந்துவிடுவான். குழிக்குள் வேலைக்கு இறங்குகிறவன் முதலில் மேலே இருக்கும் வால்வை மூடுவான். அந்த வால்வுச் சக்கரத்தில் சங்கிலி சுற்றித் தன்னுடைய பூட்டைப் போடுவான். சாவி அவன் கழுத்தில். வேலை முடிந்து ஏறி வந்ததும் அவனே திறப்பான். அவன் பூட்டை வேறு எவனும் தொடக்கூடாது. பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது பச்சை. இதோ அண்ணனுடையது மஞ்சள்.

எவனாவது பூட்டை மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் வெட்டலாம். அதற்கு ஒரு நோட்டு உண்டு. அதில் மூன்று கேள்விகள். யாருடைய பூட்டு? எதற்காக வெட்டுகிறாய்? ஆளைப் பார்த்தாயா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஆளை வெளியே, உன் கண்ணால், நேரில் பார்த்திருக்க வேண்டும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், இரண்டாம் கிணற்றில் மஞ்சள் பூட்டு தொங்கியது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அண்ணன் அப்படி மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பூட்டை வெட்டியவன் நான். வால்வைத் திறந்தவனும் நான்.

அவர் உள்ளே இருந்தார்.

விசாரணை நடந்தது. "ஆளைப் பார்த்தாயா" என்ற கேள்விக்கு நேராக, பார்த்தேன், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று என் கையெழுத்தில் இருந்தது. அப்படியானால் எதையோ மறந்துவிட்டு அவராகத் திரும்பி வந்து, யாரிடமும் சொல்லாமல் குழியில் இறங்கியிருக்கிறார் என்று முடித்துவிட்டார்கள். வெட்டிய பூட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் கிணற்றை மூடினோம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவ தம்பி, அவரு அப்படித்தான்" என்று அழுதார்.

அதற்கப்புறம் அந்தக் கிணற்றுப் பக்கம் நான் போகவே இல்லை. இந்த மாதம்வரை.

அன்றைக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்கு நான் வந்தபோது ஐந்தாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாளே மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. கீழேயிருந்து வரும் மின்கம்பியும் அந்தச் சரிவோடு போய்விட்டது. மொத்த ஊரும் எங்கள் ஒரே மிஷினை நம்பியிருந்தது.

ஊரைப் பற்றி எனக்கென்ன? என் மகளுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஏழு மாதத்தில் பிறந்தவள். ஒரு கிலோ இருநூறு கிராம். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அவளுக்குச் சூடு கொடுப்பதும் அந்தப் பெட்டிதான். மூக்கில் குழாய் வைத்து மூச்சு கொடுப்பதும் அதோடு சேர்ந்த ஒரு சின்ன மிஷின்தான். பக்கத்துக் கட்டிலில் என் மனைவி காய்ச்சலில் கிடந்தாள். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டது அண்ணிதான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் முந்தாநாளே புகைந்துவிட்டது. அதற்குப் பார்ட் வரவேண்டுமென்றால் ரோடு திறக்க வேண்டும்.

கன்ட்ரோல் ரூமில் மேடம் ஈரச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மீட்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு மேடம்?"

"ஆயிரத்து நூறு கிலோவாட். காலைல ஆயிரத்து எழுநூறு இருந்துச்சு."

"ஏன்?"

"முதல் கிணத்துக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. சுண்ணாம்பு. வருஷா வருஷம் கீழேருந்து ஆள் வந்து சுரண்டுவாங்கல்ல, இந்த வருஷம் அடுத்த மாசம் வரோம்னாங்க."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முள் ஆயிரத்துக்கு இறங்கியது.

"ஊரையெல்லாம் கட் பண்ணிட்டேன்பா. ஆஸ்பத்திரி லைன் மட்டும்தான் விட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கு நாப்பது கிலோவாட் இருந்தா போதுமே."

"உனக்கும் எனக்கும் போதும். மிஷினுக்குப் புரியணுமே. முந்நூறுக்குக் கீழ போச்சுன்னா அதுவா நின்னுடும். நின்னா மறுபடி கிளப்ப நம்ம டீசல் செட் வேணும். அதுல பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு. லெட்டர் போட்டுப் போட்டு என் கைதான் தேஞ்சுது."

போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, லைட்டெல்லாம் மங்குது. பெட்டி ரெண்டு தடவை கத்திடுச்சு. நின்னுடாதில்ல?"

"நிக்காது அண்ணி."

"நின்னா நான் கையால பம்ப் பண்ணுவேன். எவ்வளவு நேரம் பண்ண முடியும்னு தெரியல. அவ ரொம்பச் சின்னதுப்பா." குரலைத் தணித்துக்கொண்டார். "உன் பொண்டாட்டிகிட்ட ஒண்ணும் சொல்லல."

போனை வைத்தேன்.

"ரெண்டாவது கிணறு இருக்கே மேடம்" என்றேன்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "இருக்கு."

"திறந்தா மிஷின் நிக்காதே."

"பூட்டு தொங்குது."

"யாரு பூட்டு?"

மழை மட்டும் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் மிக மெதுவாக, "மஞ்சள்" என்றார்.

"அத அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களே மேடம். நான் பாத்தேனே. பையில போட்டு."

"நானும் பாத்தேன். யாரோ விளையாடறாங்கன்னுதான் நெனச்சேன். போன மாசம் நானே வெட்டினேன். இந்தக் கையால. மறுநாள் போய்ப் பாத்தா தொங்குது. மறுபடியும் வெட்டினேன். மறுபடியும் தொங்குது. அப்புறம் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"பொம்பள இன்ஜினியர்னாலே ஒரு மாதிரி பாக்கறானுங்க. பூட்டு முளைக்குதுன்னு வேற சொன்னா வண்டி ஏத்தி அனுப்பிடுவானுங்க."

"வெட்டும்போது ஏதாவது கேட்டுச்சா மேடம்?"

அவர் சால்வையை இழுத்துக் கழுத்தோடு சுற்றிக்கொண்டார். "அத விடு."

முள் எண்ணூற்றைம்பதில் நின்றது.

வெட்டுக்கத்தரியை எடுத்துக்கொண்டேன். ஒரு முழம் நீளம். வாக்கிடாக்கியைத் தோளில் மாட்டினேன். வாயு கூடினால் கத்துகிற சின்னப் பெட்டியைச் சட்டையில் குத்திக்கொண்டேன். மேடம் ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. கதவு வரைக்கும் வந்து, "நான் மீட்டரை விட்டு வர முடியாதுப்பா. நம்பர் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

நல்ல பகல்தான். மூன்று மணிகூட ஆகவில்லை. ஆனால் மழையும் ஆவியும் கலந்துவிட்டால் இங்கே பகல் என்பது ஒரு வெள்ளைத் துணி. முகத்தில் ஈரமாகப் போர்த்தியதுபோல் இருக்கும். நீட்டிய கை தெரியாது. இருட்டாக இருந்தால் டார்ச் அடிக்கலாம். வெள்ளைக்கு என்ன அடிப்பது? குழாயை ஒரு கையால் தடவிக்கொண்டே நடந்தேன். இரண்டாம் கிணற்றுக் குழாய். பதினான்கு மாதமாக ஆவி ஓடாத குழாய். ஐஸ் மாதிரி இருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இவ்வளவு நேரம் சாய்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனதுபோல.

"எழுநூத்தி எம்பது" என்றது வாக்கிடாக்கி.

நாற்றம் வழக்கம்போல் அடித்தது. அழுகிய முட்டை. அதை அன்றைக்கு நான் ஆசையோடு மோந்துகொண்டு போனேன். குழிக்குப் பத்தடி இருக்கும். ஒரு காலை எடுத்து வைத்தேன்.

நாற்றம் நின்றது.

ரேடியோவை அணைத்ததுபோல் சட்டென்று நின்றது.

என் கால் தானாகத் திரும்பியது. ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. சட்டையில் குத்தியிருந்த பெட்டியைப் பார்த்தேன். அது கத்தவில்லை. அதில் பூஜ்யம் என்று இருந்தது. காற்றில் வாயுவே இல்லை. அப்படியானால் நாற்றம் ஏன் நிற்க வேண்டும்?

ஓடவில்லை. ஓடி எங்கே போவது? ஆஸ்பத்திரிக்கா? போய் என்ன சொல்வது?

குழியின் விளிம்பில் அந்தச் சக்கரம் நின்றது. அதில் துருப்பிடித்த சங்கிலி. சங்கிலியில் மஞ்சள் பூட்டு. துரு இல்லை. கீறல் இல்லை. மழையில் கழுவிப் பளபளவென்று இருந்தது.

"அறுநூத்தி முப்பது. வேகமா இறங்குதுப்பா."

கத்தரியை விரித்துப் பூட்டின் கம்பியில் வைத்தேன். இரண்டு கையாலும் அழுத்தப் போனேன்.

"தம்பி."

கீழேயிருந்து. குழிக்குள்ளிருந்து.

"தம்பி, நான் உள்ளதான் இருக்கேன்."

கத்தரி கையில் இருந்ததா விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சாதாரணக் குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை. அந்தக் கட்டிலைக் கொண்டுவந்து போட்ட அதே குரல்.

"அண்ணே" என்று ஒரு காற்று மட்டும் வந்தது.

"இதோ வந்துட்டேன்."

குழிக்குள் இருக்கும் இரும்பு ஏணியில் ஒரு படி 'ணங்' என்றது. அடுத்த படி கேட்கவில்லை.

தோளில் வாக்கிடாக்கி கரகரத்தது. "யாருப்பா அது சேனல்ல? யாரு 'இதோ வந்துட்டேன்'னு சொன்னது?" மேடம் குரல் உடைந்திருந்தது. "பதில் சொல்லு. யாரு பேசினது?"

அவருக்கே தெரியும்.

"ஐந்நூத்தி இருபது" என்றார் சற்றுக் கழித்து. அழுதுகொண்டே சொன்னார்.

மண்டியிட்டேன். சேற்றில் இரண்டு முழங்காலும் புதைந்தன. குழிக்குள் எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, எம் பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கா. ஒம்போது நாள்தான் ஆச்சு. மூச்சு விடக்கூட மிஷின் வேணும். கரண்ட் நின்னா செத்துடுவா. அண்ணி பக்கத்துலதான் இருக்காங்க. அண்ணிதான் பாத்துக்கறாங்க. இந்த வால்வைத் திறக்கணும்ண்ணே. வெளிய வந்துடுங்க. கால்ல விழறேன்."

மழைச் சத்தமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மழை பெய்துகொண்டிருந்தது. என் மேல் விழுந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"ஆளப் பாத்தியா?"

இந்தத் தடவை குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே.

பதினான்கு மாதம் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை இப்போது எழுதுகிறேன். என் மனைவிக்கே தெரியாது.

அன்றைக்கு நான் அவரைப் பார்க்கவில்லை. வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன். "இதோ வந்துட்டேன்" என்றார். நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். அவருடைய மழைக்கோட்டு ஆணியில் இல்லை. வழக்கம்போல் பூட்டை மறந்துவிட்டுக் கிளம்பியிருப்பார், வழியிலிருந்து பதில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். எனக்குப் பசி. வீட்டுக்குப் போக வேண்டும். மேடம், "ஆளப் பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன் மேடம், போயிட்டாரு" என்றேன். நோட்டிலும் எழுதினேன். வெட்டும்போது குழிக்குள் ஒரு தடவை குனிந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். குழிக்குள் தண்ணீர் சொட்டியதால் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

"ஆளப் பாத்தியா?"

"பாக்கலண்ணே."

சொன்னதும் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "பாக்காமத்தான் சொன்னேன். பாக்காமத்தான் எழுதினேன். உங்கமேல தப்புன்னு எல்லாரும் சொன்னப்பவும் வாயத் திறக்கல. அண்ணிகிட்ட நாளைக்குக் காலைல சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன். என்னைய என்ன வேணா பண்ணுங்க. எம் பொண்ண மட்டும் விட்டுடுங்க."

"நானூறு" என்றது வாக்கிடாக்கி. "முந்நூத்தி எம்பது. என்னப்பா பண்ற? மிஷின் ஆடுது, மேசையெல்லாம் ஆடுது. எதையாவது பண்ணுப்பா!"

"இப்பப் பாரு" என்றது குரல்.

அதுதானே விதி. ஆளை உன் கண்ணால், நேரில்.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்கூட இருக்காது. மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். கண் இரண்டும் வெந்துபோய் வெள்ளையாக இருந்தன. அந்த வெள்ளைக்குள் நான் எங்கேயாவது தெரிகிறேனா என்று தேடுவதுபோல் தலை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவர் வாயிலிருந்து ஆவி வந்து என் கன்னத்தில் பட்டது. சுட்டது.

இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

"பாத்துட்டேண்ணே" என்றேன்.

அவர் கழுத்துக்குள் கை விட்டார். கயிறு உரசும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் காதோரமாக ஏதோ ஈரமாக நீண்டு சங்கிலி வரைக்கும் போனது. 'டக்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது சங்கிலி அவிழ்ந்து கீழே கிடந்தது. பூட்டு இல்லை. குழி காலியாக இருந்தது. ஏணியின் படிகள் எல்லாம் காய்ந்திருந்தன.

"முந்நூத்தி இருபது!"

சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். துரு பிடித்து இறுகியிருந்தது. முதல் சுற்றுக்கே உள்ளங்கைத் தோல் உரிந்தது. இரண்டாவது சுற்று. மூன்றாவது. பூமிக்கடியில் எங்கேயோ ஒன்று புரண்டு படுத்தது. அப்புறம் குழாய் கத்தியது. பதினான்கு மாதம் அடைபட்ட ஆவி ஒரே மூச்சாக வந்தது. நிலம் அதிர்ந்தது. அதோடு நாற்றமும் மழைச் சத்தமும் திரும்பி வந்தன. அந்த அழுகிய முட்டை நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐந்நூறு" என்றார் மேடம். "எழுநூறு. ஆயிரத்து நூறு. ஏறுதுப்பா, ஏறுது!"

திரும்பி நடந்தபோதுதான் பார்த்தேன். குழியின் விளிம்பிலிருந்து காலடித் தடங்கள் போயிருந்தன. பூட்ஸ் தடம். சேற்றில் பதிந்த ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் கொதித்து ஆவி பறந்தது. குழாயை ஒட்டியே போய், டர்பைன் கூடத்தின் படியேறி, கதவுக்கு உள்ளே போயிருந்தன. சிமென்ட் தரையில் மிஷின் வரைக்கும் ஈரத் தடம் இருந்தது.

மிஷினைத் தாண்டி ஒன்றும் இல்லை. திரும்பி வந்த தடமும் இல்லை.

மேடம் கதவோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேர் காலிலும் இருந்ததைவிடப் பெரிய பூட்ஸ். ஒரு துணியை எடுத்துவந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "நீ உள்ள போய் உக்காரு. கைக்கு மருந்து போடறேன்" என்றார்.

மருந்து போடும்போது மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு நீ பாக்கலதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். "எனக்கும் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு அன்னைக்கு."

சாயங்காலம் அண்ணி போன் செய்தார்.

"லைட்டு எப்படி எரியுது தெரியுமா தம்பி! பெட்டி கத்தவே இல்ல. பாப்பா கால நீட்டித் தூங்கறா. கண்ணு படப்போகுது." சிரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "என்னமோ தெரியலப்பா. இன்னைக்கு வார்டுல தனியா இருக்கற மாதிரியே இல்ல. நல்ல சூடா இருக்கு."

நாளைக்குக் காலை உங்களிடம் ஒன்று பேச வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி அண்ணி" என்று மட்டும்தான் வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரோடு திறந்தது. எட்டேகாலுக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்தது. அவர்கள் கொண்டுவந்த பெட்டிக்கு என் மகளை மாற்றினார்கள். அவள் நன்றாக இருந்தாள். என் மனைவியையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். சாமான்களை எடுக்க நான் வார்டுக்குத் திரும்பினேன். அண்ணி மட்டும் இருந்தார். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் பழைய பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பெட்டியின் விளக்கு அணையவில்லை. முப்பத்தாறரை டிகிரி என்று காட்டியது. மூச்சு கொடுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். காலிப் பெட்டியின் கண்ணாடியில், உள்பக்கமிருந்து, யாரோ மூச்சு விடுவதுபோல் ஆவி படிந்து படிந்து மறைந்துகொண்டிருந்தது.